என் கை படாத கபாப்

என் காக்கா, கூடப் பிறந்த அண்ணன், வருகிறார் என்று தொலைபேசி வந்த அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன்: என் கையால் அவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் கொடுப்பதில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கொடுத்தாலும் அவர் குடிக்கமாட்டார். நான்கு வருடங்களுக்கு முன்னால் என் வாசலில் நின்று, அக்கம்பக்கத்துச் சனம் அத்தனையும் பார்த்திருக்க, "உன்ட கையால ஆக்கின எதையும் இனி என்ட வாயில வைக்க மாட்டன், வல்லாஹி" என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுவிட்டுப் போனவர் அவர்.

நடந்தது இதுதான். முஸ்லிம்களான எங்களைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டியபோது நான் சின்னப் பிள்ளை. காக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். மன்னார்ப் பக்கம் வாப்பாவுக்கு இருந்த வயலையும் மாடுகளையும் ஓட்டு வீட்டையும் விட்டுவிட்டு வந்து, புத்தளத்துக் கரைத்தீவில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தோம். வாப்பா அந்தக் கொட்டிலிலேயே மௌத்தானார். காக்கா சவூதிக்குப் போய் உழைத்தார். நான் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த உப்பள வேலைக்காரர் ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டேன். கொட்டில் கல்வீடானது. வீட்டில் மெஷின் போட்டு அபாயா தைக்கத் தொடங்கினேன்.

போர் முடிந்தபின் காக்காவுக்கு ஊர்ப் பைத்தியம் பிடித்தது. வாப்பாவின் காணியைத் துப்பரவு செய்யப்போகிறேன், நீயும் குடும்பத்தோடு வா என்று நின்றார். நான் வரவில்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்தக் காட்டுல என்ன கிடக்கு? பாம்பும் பத்தையும்தானே. வாப்பாட வயல், வாப்பாட வயல் எண்டு சொல்லியே கிறுக்குப் புடிச்சிட்டு ஒங்களுக்கு" என்று நாலு பேர் காதில் விழச் சொன்னேன். என் வாய் அப்படி. அவருடைய ஆணை அதற்குக் கிடைத்த பதில்.

அவர் மன்னார்ப் பக்கம் போய்த் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு பெருநாளைக்குக்கூட ஒரு ஸலாம் கிடையாது. நானும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை திடீரென்று அழைத்தார். "வாற கிழமைக்கு அடுத்த கிழமை, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிய வாறம். நானும் மதினியும். நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்." அவ்வளவுதான். ஏன் வருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிப்போனதாக ஆகிவிடும்.

ஆனால் அவர் என் வீட்டில் எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூடப் பிறந்தவன் கை நனைக்காமல் போன வீடு என்ற பேர் நான்கு வருடமாக என் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரி சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் எடுத்து வீசுவாள். இந்த முறையும் அவர் வந்து, வெறும் வாயோடு எழுந்து போனால் நான் அந்தத் தெருவில் தலைநிமிர முடியாது. பாசம் என்று நான் சொல்லமாட்டேன். சரி, அதுவும் கொஞ்சம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

ஆணையின் வார்த்தைகளைப் படுக்கையில் கிடந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். "உன்ட வீட்டுல" என்று அவர் சொல்லவில்லை. "உன்ட கையால ஆக்கின" என்றுதான் சொன்னார். அப்படியானால் என் கை படாத சாப்பாட்டை என் முற்றத்தில் வைத்து அவர் சாப்பிடலாம். சத்தியமும் முறியாது, என் மானமும் போகாது. பள்ளி மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றார் கணவர். மௌலவியிடம் கேட்டால் அஸர் தொழுகைக்குள் கரைத்தீவு முழுக்கத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றேன்.

பிரியாணி கடையில் வாங்கலாம், ஆனால் அது ஆறி அவிந்து வந்து சேரும். அப்போதுதான் கபாப் ஞாபகம் வந்தது. காக்கா ரியாத்தில் எட்டு வருடம் இறைச்சி சுடும் கடையொன்றில் நின்றவர். லீவில் வரும்போதெல்லாம் அந்தப் புராணம்தான். இங்கே ஒருத்தனுக்கும் இறைச்சியை நெருப்பில் காட்டத் தெரியாது, கறி ஆக்கத்தான் தெரியும் என்பார். எங்கள் இறைச்சிக்கடைகளிலும் முன்பெல்லாம் இறைச்சியைத் தொங்கவிட்டு வெட்டித் தருவார்கள், அவ்வளவுதான். போர் முடிந்து, கண்டக்குழிப் பக்கம் வெள்ளைக்காரருக்கு லொட்ஜ்கள் வந்தபின் எல்லாருக்கும் மூளை வந்தது. மசாலா பிரட்டி, கம்பியில் கோர்த்து, "நெருப்புல வைக்கிறது மட்டும்தான் வேலை" என்று தட்டில் அடுக்கி விற்கத் தொடங்கினார்கள். வெட்டுவது அவர்கள் கை, பிரட்டுவது அவர்கள் கை, சுடுவது என் கணவர் கை. பேக்கரியில் ரொட்டி வாங்கினால் முடிந்தது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

வேண்டியது நல்ல கபாப். அதுதான் இந்தக் கரையில் இல்லை.

முதலில் புத்தளம் டவுனில் ஒரு கடைக்குப் போனோம். தட்டில் இருந்த இறைச்சியின் நிறத்தைப் பார்த்தால் பெருநாள் சட்டைக்குச் சாயம் போட்ட மாதிரி இருந்தது. "ராத்தா, இது ஸ்பெஷல், அறபு நாட்டு மசாலா" என்றான் கடைக்காரன். பையில் போட்டுக்கொண்டே, "எந்தக் கேம்ப்?" என்று கேட்டான். என் பேச்சில் அவனுக்கு வடக்கு தெரிந்துவிட்டது. நாங்கள் வந்து இருபது வருடத்துக்கு மேல். என் வீட்டுக்கு ஓடு இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது, இந்த மண்ணில் பிறந்த மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார். இன்னும் அகதிக் கேம்ப்.

"கேம்ப் இல்ல நானா, வீடு. வந்து பாக்கிறிங்களா, தண்ணிக் கணக்குப் புத்தகமும் காட்டுறன்" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னேன்.

"கோவிக்க வாணாம். சும்மா கேட்டது."

"சும்மா கேக்கிறத வீட்டுல உங்கட பொம்புளைட்ட கேளுங்க."

கணவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அன்று பின்னேரம் அதை முற்றத்தில் சுட்டுப் பார்த்தோம். சாயம் முழுக்க நெருப்பில் ஒழுகி, உள்ளே இருந்தது வெளியே வந்தது: சாம்பல் நிறத்துப் பழைய இறைச்சி. வினாகிரியை ஊற்றி நாற்றத்தை அமுக்கியிருந்தான். பூனைக்குப் போட்டேன். பூனை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. என் விரலில் அந்தச் சிவப்பு மூன்று நாள் இருந்தது. தைக்கக் கொடுத்தவள் ஒருத்தி, "மருதோன்றியா?" என்று கேட்டாள்.

அடுத்தது கற்பிட்டி வீதியில் கண்ணாடிப் பெட்டி வைத்த கடை. எங்கள் வீட்டிலிருந்து புத்தளம் வந்து, பாலாவி சுற்றி, பழைய மோட்டார் சைக்கிளில் போவதற்கே இடுப்பு முறிந்துவிடும். அங்கே இருந்தவன் வெள்ளைத் தொப்பி போட்டு, கையுறை போட்டு, டொக்டர் மாதிரி நின்றான். இரண்டு வகை வைத்திருந்தான். ஒன்று லொட்ஜுக்கு, ஒன்று எங்களுக்கு. லொட்ஜ் தட்டில் இருந்தது நல்ல சதை. எங்கள் தட்டில் ஜவ்வும் கொழுப்பும் நரம்பும். லொட்ஜ் தட்டில் இருப்பதைத் தா என்றேன்.

"அது ஓடர். டூரிஸ்டுக்கு."

"டூரிஸ்டுக்குப் பல்லு இல்லயா? நல்ல சதை அவனுக்கு, நரம்பு எங்களுக்கா?"

"ராத்தா, ஒங்கட ஆக்கள் இதத்தான் வாங்குற."

ஒங்கட ஆக்கள். எந்த ஆக்கள் என்று நான் கேட்பதற்குள் கணவர் சிங்களத்தில் என்னவோ சொல்லி, லொட்ஜ் தட்டிலிருந்தே ஆறு கம்பி வாங்கிவிட்டார். அவர் சிங்களத்தில் பேசினால் இந்த வீதியில் எல்லாருக்கும் ஒரு மரியாதை வந்துவிடும், அதுவும் எனக்குப் பிடிக்காது. கொண்டுவந்து சுட்டோம். ஒரே தித்திப்பு. தக்காளி சோஸும் சீனியும். வெள்ளைக்காரன் காரம் தின்னமாட்டான் என்று முடிவு கட்டி, இறைச்சிக்குப் பாணி காய்ச்சி ஊற்றியிருக்கிறான். சீனி நெருப்பில் கருகி, வெளியே கரி, உள்ளே இரத்தம். காக்காவுக்கு இதைக் கொடுத்தால் ஆணை இல்லாமலே துப்பிவிடுவார்.

மூன்றாவது கண்டக்குழி. படகுகளும் வலைகளும் கிடக்கிற கரைக்குக் கொஞ்சம் உள்ளே, லொட்ஜ்களுக்குச் சப்ளை செய்கிறவர் ஒருவர். மனிதர் நல்லவர்தான், அதுதான் கரைச்சல். சிரிப்பும் கதையுமாக, உட்காருங்கள், இளநீர் குடியுங்கள் என்று ஒரே உபசாரம். "பஞ்சு மாதிரி இருக்கும் தங்கச்சி, வாயில போட்டாக் கரைஞ்சிடும்" என்றார். எனக்குச் சிரிக்கிறவர்களிடம் சண்டை பிடிக்கத் தெரியாது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பப்பாசிக்காயை அரைத்து, இரவு முழுக்க இறைச்சியை அதில் போட்டு வைத்திருக்கிறார். கணவர் கம்பியை நெருப்புக்கு மேலே பிடித்துத் திருப்பினார். கம்பி திரும்பியது, இறைச்சி திரும்பவில்லை. கூழ்கூழாகி, ஒவ்வொரு துண்டாகச் சிரட்டைக்கரியில் விழுந்தது. வாயில் கரையும் என்றவர் நெருப்பிலேயே கரைத்துவிட்டார்.

"உன்ட காக்காவுக்குச் சத்தியம், எனக்குத் தண்டனை" என்றார் கணவர், கண்ணெல்லாம் புகையோடு. "பேசாம ஒரு கோழிக்கறி ஆக்கு. திண்டாத் திங்கட்டும், திங்காட்டிப் போகட்டும்."

"அவர் திங்காமப் போனா உங்களுக்கென்ன, உங்கட ஊரு. என்னத்தான் சொல்லுவாங்க" என்று கத்தினேன். அன்று இரண்டு பேரும் பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

எத்தாளை என்ற ஊரில் ஒரு கடை இருப்பதைச் சொன்னது உப்பளத்தில் கணவரோடு வேலை செய்கிற ஒருவர். காக்கா வருவதற்கு முந்திய நாள், வியாழக்கிழமை மத்தியானம், அங்கே போனோம். பலகைக் கடை. கண்ணாடிப் பெட்டி இல்லை, தட்டு இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. உள்ளே இருந்தவர் என் வயதுதான் இருப்பார், என் குணமும்தான். நாங்கள் போய் நின்றதைக் கண்டும் காணாத மாதிரி எலும்பைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"கபாபுக்குப் பிரட்டின இறைச்சி இருக்கா?"

"எத்தின மணிக்கு நெருப்பு?"

"என்ன?"

"எத்தின மணிக்கு நெருப்புல வைக்கப் போறிங்க எண்டு கேட்டன்."

"ஏன், நீங்க வந்து ஊதப் போறிங்களா?"

அவர் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். "மணியச் சொன்னாத்தான் இறைச்சி. மூண்டு மணித்தியாலம் ஊறணும். நாலாச்செண்டா உப்பு இறங்கி இறுகிடும். ரெண்டெண்டா உள்ள ஏறாது. நான் பிரட்டிக் குடுத்தத நாளைக்குச் சுட்டுத் திண்டுட்டு, என்ட இறைச்சி கூடாது எண்டு கதைச்சுக்கிட்டுத் திரியிற ஆக்களுக்கு நான் விக்கிறல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்பிக்கையும் வந்தது. இப்படி வாடிக்கையாளரைத் துரத்துகிறவனுக்குத் தொழில் தெரியாமல் இருக்காது. நாளை இரண்டு மணிக்கு நெருப்பு என்றேன்.

"நாளைக்குப் போயா. கடை பூட்டு."

கலண்டரைப் பார்க்கவே இல்லை நான். போயா என்கிற பௌர்ணமி அன்று நாடு முழுக்க இறைச்சிக்கடை திறக்கக்கூடாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வெள்ளி, ஜும்ஆ, நாலு மணி பஸ் என்றே இருந்ததில் நிலவை மறந்துவிட்டேன். இன்றைக்கே பிரட்டித் தாருங்கள், ஐஸில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு வராது. என் கெஞ்சல் அதட்டல் மாதிரித்தான் கேட்டிருக்கும்.

"ஏலாது. இறைச்சி வேற, மசாலா வேற கட்டித் தாறன். நாளைக்குப் பதினொரு மணிக்குப் பிரட்டுங்க. கையால. கரண்டி போட வாணாம்."

"என்ட கை படக்கூடாது."

"ஏன், கையில என்ன?"

நான் வாயைத் திறக்கவில்லை. கணவர் திறந்தார். ஆணை, காடு, காக்கா, நான்கு வருடம், மூன்று கடை எல்லாவற்றையும் அந்த அந்நிய மனிதரிடம் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. இறைச்சியை வெட்டிக்கொண்டே கேட்டிருந்தார். பின்தொடைச் சதை, ஜவ்வு நீக்கி, எல்லாம் ஒரே அளவு.

"ரியாத்தில எந்தப் பக்கம் நிண்டவர்?" என்று கேட்டார். கணவர் சொன்னார். "நானும் அங்கதான் பதினொரு வருசம். அவருக்கு இது விளங்கும்." பிறகு என்னைப் பார்த்து, "சத்தியம் செஞ்சவர் தானா வாறார் எண்டா, சும்மாவா வருவார்? ஒரு கோல் எடுத்துக் கேளுங்களே ராத்தா" என்றார்.

"நீங்க உங்கட வேலயப் பாருங்க நானா" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பொட்டலத்தைக் கட்டினார். தயிர், வெங்காயச் சாறு, மிளகு, உள்ளி, கொஞ்சம் சீரகம். சாயம் இல்லை, சீனி இல்லை. முகர்ந்து பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கிழமை தேடிய சாமான் இதுதான். அதைச் சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டியில் மீன்காரனிடம் வாங்கிய ஐஸுக்குள் புதைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. முந்திய நாள் சாம்பலை அள்ளிக் கொட்டி, அடுப்பைத் துடைத்துவிட்டேன். தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் பக்கத்து ஹோட்டலில் போத்தலில் வாங்கினோம். பதினொரு மணிக்குக் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு, பெரிய சட்டிக்கு முன்னால் குந்தினார். உப்புப் பாளத்தை வாளியில் அள்ளிப் பழகிய கை, இறைச்சியையும் அப்படியே அள்ளி அள்ளிப் போட்டது.

"அழுத்துங்க! தடவ வாணாம், அழுத்துங்க! அந்த மூலையில மசாலாவே படல்ல, கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கை துடித்தது. ஒரு தடவை ஒரு துண்டு சட்டிக்கு வெளியே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள், நெருப்பைத் தொட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டேன்.

"உனக்கும் உன்ட காக்காவுக்கும் ஒரே மண்ட" என்றார் கணவர். அவர் வாழ்க்கையில் என்னை ஏசியது அது ஒன்றுதான்.

ஜும்ஆ முடிந்து, நெருப்புத் தணல் பிடித்த நேரம் காக்கா வந்தார். மெலிந்திருந்தார், கறுத்திருந்தார், தாடி பாதி நரைத்திருந்தது. தோளில் ஓர் உரப்பை. பின்னால் மதினி. ஸலாம் சொன்னார், சொன்னேன். சுகமா என்றார், சுகம் என்றேன். நேரே குசினி வாசலுக்குப் போய்ப் பையை இறக்கி வைத்தார். பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அரிசி.

எனக்குத் தலைக்குள் சுர் என்று ஏறியது. என் கையால் ஆக்கியதைத் தின்னமாட்டார், சரி. என் வீட்டு அரிசியும் ஆகாது என்று தன் அரிசியைத் தானே சுமந்து வந்திருக்கிறார். மதினி ஆக்குவாள், அவர் தின்பார், என் குசினியில், என் கண்ணுக்கு முன்னால். கணவர் கதிரையை இழுத்துப் போட்டார். காக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் குசினிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் களவாக ஏதாவது ஆக்கியிருக்கிறேனா என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், அடுப்புக் குளிர்ந்து கிடக்கிறது.

கபாப் வந்தது. அப்படியொரு வாசம் அந்த முற்றத்தில் அதற்கு முன்னால் வந்ததில்லை. வெளியே லேசாக முறுகி, உள்ளே சாறு நின்று, ஒவ்வொரு துண்டும் கம்பியில் உட்கார்ந்திருந்தது. கணவரே தட்டை எடுத்தார், கணவரே ரொட்டியைப் பிய்த்து வைத்தார். நான் தள்ளி, தூணோடு நின்றேன்.

"பயப்படாமத் தின்னுங்க காக்கா" என்றேன். "என்ட கை படல்ல. வெட்டினது எத்தாளையில, பிரட்டினது இவர், சுட்டது இவர், ரொட்டி பேக்கரி. அடுப்பே பத்த வைக்கல்ல நான். உங்கட சத்தியத்துக்கு ஒரு கீறலும் விழாது."

அவர் ஒரு துண்டைக் கழற்றி வாயில் போட்டார். மென்றார். "நல்லா இருக்கு" என்றார். "ரியாத்தில மாதிரியே." சொல்லிவிட்டுக் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. "அப்ப நீ ஒண்டும் ஆக்கல்லயா?"

"இல்ல எண்டுதானே சொல்றன்."

"ஒண்டும்?"

"எத்தின தரம் கேப்பிங்க?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு. இரண்டு கிழமை, நாலு கடை, வழி முழுக்கக் குண்டும் குழியும், அவர் தின்றது ஒரே ஒரு துண்டு. நான்கு வருடமாக அடக்கியது அத்தனையும் எனக்கு வாய்க்கு வந்தது.

"இதுவும் தொண்டையில இறங்கல்லயா? என்ட முத்தத்து நெருப்பும் கூடாதா? அரிசியத் தூக்கிக்கிட்டு வந்திருக்கிறிங்க! என்ட வீட்டு அரிசி ஹராமா? எங்கட அரிசி உங்களுக்குத் தின்ன ஆகாதெண்டா, என்னத்துக்கு இந்த வாசலுக்கு வந்தீங்க? திரும்பவும் ஊருக்கு முன்னால என்னக் கேவலப்படுத்தவா? அள்ளிக்கிட்டுப் போங்க அந்தப் பைய!"

"மச்சி" என்றாள் மதினி. "அது வாப்பாட வயல் அரிசி. நாலு வருசம் காடு வெட்டி, இந்தப் போகம்தான் முதல் நெல்லு வெட்டினது. உனக்கெண்டு கொண்டுவந்தது."

நான் பையைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாறத்துக்கு முந்தி சத்தியத்துக்குக் கப்பாரா குடுத்துட்டுத்தான் வந்தவர். அதே நெல்லுல, பத்து மிஸ்கீனுக்கு அளந்து குடுத்தார். உன்ட கையால சோறு தின்னணும் எண்டு."

ஆணையை முறிக்க விரும்புகிறவன் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? குர்ஆன் ஓதிய பள்ளிக்கூடத்தில் நான்தான் முதலாவது. அவர் கொடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை. தகரக் கொட்டிலில் இருக்கிற மனிதன், முதல் அறுப்பில் பத்துப் பேருக்கு அளந்து போட்டிருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் கோபம்தான் வந்தது.

"கோல் எடுத்த அண்டைக்குச் சொல்லியிருந்தா என்ன?"

"நீ கேட்டியா?" என்றார் காக்கா. "ஏன் வாறிங்க எண்டு ஒரு வார்த்த கேட்டியா? கேப்பாய் கேப்பாய் எண்டு போனக் காதுல வச்சிக்கிட்டு நிண்டன்."

"நான் ஏன் கேக்கணும்? சத்தியம் செஞ்சது நீங்க!"

"காடு எண்டு சொன்னது நீ!"

அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும். மணி மூன்று. காக்கா எழுந்து, வேட்டியைத் தட்டி, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மதினியிடம் சொன்னார். நான் போய் வேலிக் கடப்பை மறித்து நின்றேன். "இருங்க" என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் திரும்பவும் உட்கார்ந்தார்.

அடுப்பை மூட்டினேன். பையிலிருந்து அரிசியை அள்ளிக் களைந்தேன். அவசரத்தில் களைந்த தண்ணீரோடு கொஞ்சம் கீழே போனது. குசினியில் மீன் இல்லை, மரக்கறி இல்லை, அன்று ஆக்குவதே இல்லை என்றிருந்த வீடு. ஒரு தேங்காயைத் துருவி, கொச்சிக்காயும் உப்பும் வைத்து இடித்துச் சம்பல் செய்தேன். மதினி உதவிக்கு வந்தாள், வேண்டாம் என்றேன். சோறு கொதித்தது. வழக்கமாக வைக்கிற தண்ணீரைத்தான் வைத்திருந்தேன், கடை அரிசிக்கு வைக்கிற தண்ணீர். மூடியைத் திறந்தபோது அது சோறாகவே இல்லை, கிண்டினால் அகப்பையோடு சேர்ந்து வந்தது. புது நெல் அரிசி. ஊரில் இருந்தபோது உம்மா இந்த அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

வேறு வழியில்லை. அதையே சோற்றுக் கோப்பையில் போட்டு, சம்பலை வைத்து, என் கையால் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு மணி பஸ் ஹோன் அடித்துக்கொண்டு சந்தியைக் கடந்து போனது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. காக்கா செம்பை வாங்கிக் கையைக் கழுவினார். பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்தக் குழைந்த சோற்றை உருட்டி வாயில் வைத்தார். கபாப் தட்டை ஒருவரும் தொடவில்லை, கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது.

பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"புது அரிசிக்குத் தண்ணி குறைக்கணும்" என்றார். "மறந்துட்டாய், என்ன?"

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியும். இன்னொரு அகப்பை சோறு எடுத்து அவர் கோப்பையில் போட்டேன். அதையும் சாப்பிட்டார்.